காற்றுக்குப் போட்ட பூட்டு



ஆனி பிறந்துவிட்டால் குற்றாலத்தில் சாரல் பிறந்துவிடும். மேற்கு மலையின் முகட்டில் மேகம் கவியும். பேரருவியும் ஐந்தருவியும் பழைய குற்றாலமும் ஆரவாரத்தோடு விழத் தொடங்கும். நாட்டின் பல திசைகளிலிருந்தும் மக்கள் நீராட வருவார்கள். தென்காசியிலிருந்து அருவிக்குச் செல்லும் வழியில் மேலகரம் என்றோர் ஊர் உண்டு. குற்றாலக் குறவஞ்சியைப் பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர் அது. அந்த ஊரில் எனக்கொரு பழைய வீடு இருக்கிறது. ஆண்டில் சில மாதங்கள் அதைப் பூட்டிவிட்டு நான் மகள் வீட்டுக்குச் சென்றுவிடுவது வழக்கம்.

முன்பெல்லாம் வெளியூர் புறப்படுகிறவர்கள் அடுத்த வீட்டாரிடம், "வீட்டை ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இன்று அந்தக் கண் ஒரு சிறிய பெட்டியாகத் திண்ணைத் தூணில் ஏறி அமர்ந்துவிட்டது. அதற்குக் கேமரா என்று பெயர். வாசலில் நடப்பதை அது படம் பிடித்து, கம்பியில்லாமலே வீட்டுக்குள் இருக்கும் ரௌட்டருக்கு அனுப்புகிறது. ரௌட்டர் அதனை இணையத்தின் வழியே எங்கோ இருக்கும் என் கைப்பேசிக்குச் சேர்ப்பிக்கிறது. இந்தக் கேமராவுக்கும் ரௌட்டருக்கும் இடையே உள்ள சில அடித் தொலைவைக் குறித்தே இன்று பேச விரும்புகிறேன். அந்தச் சில அடிக்குள் ஒரு வரலாறு அடங்கியிருக்கிறது. அதை எனக்கு அறிமுகப்படுத்தியது சென்ற ஆண்டு நேர்ந்த ஒரு சிறு சங்கடம்.

பழைய ரௌட்டர் பழுதாயிற்று. புதியது ஒன்று வாங்கி மாட்டினோம். கைப்பேசி அதனோடு இணைந்தது, கணினியும் இணைந்தது. கேமரா மட்டும் இணைய மறுத்தது. கடவுச்சொல்லைப் பத்து முறை சரிபார்த்தேன். அதில் பிழையில்லை. கேமராதான் பழுதென்று எண்ணி, அதைக் கழற்றவும் துணிந்துவிட்டேன். பழுதுபார்க்க வந்த இளைஞர் சற்று நேரம் நோக்கிவிட்டுச் சொன்னார்: "அண்ணாச்சி, இரண்டிலும் கோளாறு இல்லை. பூட்டு புதுசு, சாவி பழசு. கேமராவுக்கு இந்தப் பூட்டின் மொழி தெரியாது. ரௌட்டரைப் பழைய பூட்டுக்கு மாற்றிவிடட்டுமா? ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்."

ஒரு நிமிட வேலைதான். ஆனால் என் மனம் உடனே இசையவில்லை. வீட்டைக் காப்பதற்கென்று வாங்கிய கருவி ஒன்றுக்காக, வீடு முழுவதற்கும் உரிய பூட்டைத் தரம் தாழ்த்துவது முறையா? முதலில் இந்தப் பூட்டு எத்தகையது? பழையது ஏன் பழையதாயிற்று? இந்த வினாக்களுக்கு விடை தேடப் புகுந்தேன். நான் அறிந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

வீட்டுக்குச் சுவர் உண்டு, கதவு உண்டு. காற்றுக்குச் சுவர் இல்லை. வானொலி அலை எல்லாத் திசையிலும் பரவும். யார் வீட்டு ஓடு, யார் வீட்டு மதில் என்று அது பார்ப்பதில்லை. ஆகவே கம்பியில்லாமல் பேசுகிறவர்கள், பிறர் கேட்கக்கூடும் என்பதை முதலிலேயே உணர்ந்திருக்க வேண்டும். ஆனால் அந்த உணர்வு எளிதில் வரவில்லை.

1903-ஆம் ஆண்டு ஜூன் மாதம். இலண்டன் மாநகரில் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் அறிவியல் மன்றத்தில் பேராசிரியர் பிளெமிங் கம்பியில்லாத் தந்தியைப் பற்றிச் சொற்பொழிவாற்ற எழுந்தார். கார்ன்வால் கடற்கரையிலிருந்து மார்க்கோனி அனுப்பும் செய்தியை அவையினர் முன் பெற்றுக் காட்டுவது திட்டம். தம் முறையில் அலைகளை இசைவித்து அனுப்புவதால், பிறர் இடையே புகுந்து கேட்கவோ கெடுக்கவோ இயலாது என்பது மார்க்கோனியின் உறுதி. ஆனால் அவர் செய்தி வருமுன் கருவி தானாகவே தட்டத் தொடங்கியது. 'எலிகள்' என்று பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல்லைத் திரும்பத் திரும்பத் தட்டியது. பிறகு மார்க்கோனியை எள்ளி நகையாடும் வரிகளும் வந்தன. நெவில் மஸ்கலின் என்னும் செப்பிடுவித்தைக்காரர் அருகிலிருந்து அலைகளை ஏவி, அந்த உறுதியைக் காற்றில் பறக்கவிட்டார். பிளெமிங் கடுஞ்சினம் கொண்டார். தாம் செய்தது மக்களுக்கு நன்மையே என்று மஸ்கலின் வாதாடினார். செய்தது யாராயினும், உண்மை ஒன்று அன்றே புலப்பட்டது: காற்றிலே செல்வது எல்லார் காதுக்கும் எட்டும்.

நம் நாட்டில் 1933-ஆம் ஆண்டின் இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி, உரிமம் பெறாமல் இத்தகைய கருவியை வைத்திருப்பது குற்றமாயிற்று. இந்த உரையைக் கேட்கும் முதியவர்களுக்கு நினைவிருக்கும்: வானொலிப் பெட்டிக்கும் அஞ்சலகத்தில் பணம் கட்டி உரிமம் வாங்கிய காலம் ஒன்று இருந்தது. கருவிகள் சிலவாக இருந்தன. ஒவ்வொன்றும் ஏட்டில் பதிவாகியிருந்தது. 2005-ஆம் ஆண்டில், 2.4 கிகாஹெர்ட்ஸ் என்னும் அலைவரிசையில் குறைந்த ஆற்றலோடு இயங்கும் கருவிகளுக்கு உரிமம் வேண்டுவதில்லை என்று மைய அரசு விதி செய்தது. அந்த விதியின் நிழலிலேதான் இன்று நம் வீடுகளில் வைஃபை வாழ்கிறது.

வைஃபைக்கு முன்னோடி ஹவாய்த் தீவுகளில் பிறந்தது. தீவுக்குத் தீவு கடலாதலின், கணினிகளைக் கம்பியால் இணைப்பது அரிது. நார்மன் ஆப்ரம்சன் என்ற பேராசிரியரும் அவர் தோழர்களும் 1971-இல் வானொலி அலையால் அவற்றை இணைத்தார்கள். பிற்காலத்தில் பல நிறுவனங்கள் தத்தம் போக்கில் கருவிகள் செய்யவே, அவை ஒன்றோடொன்று பேச ஒரு பொது இலக்கணம் தேவைப்பட்டது. அந்த இலக்கணம் 1997-இல் வகுக்கப்பட்டது. அதற்கு 802.11 என்று எண்ணால் பெயர். வைஃபை என்னும் செல்லப் பெயர் பின்னர் வந்தது.

இலக்கணம் வகுத்தவர்கள் பூட்டையும் மறக்கவில்லை. செய்தியை மறைமொழியாக மாற்றி அனுப்பும் முறை ஒன்றைச் சேர்த்தார்கள். டபிள்யூ.இ.பி. என்பது அதன் சுருக்கப் பெயர். 'கம்பிக்கு இணையான அந்தரங்கம்' என்பது அப்பெயரின் பொருள். பெயர் பெரிது, பூட்டு சிறிது. ஒவ்வொரு செய்திப் பொட்டலத்துக்கும் ஓர் எண்ணைச் சேர்த்து மறைமொழி ஆக்குவது அதன் முறை. அந்த எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 24 பிட். ஆகவே கிடைக்கும் எண்கள் 1,67,77,216 மட்டுமே. ஒன்றே முக்கால் கோடிக்கு நெருங்கிய இத்தொகை பெரிதாகத் தோன்றலாம். ஆனால் ஓயாது இயங்கும் வலையமைப்பு அன்றைய வேகத்திலேயே ஐந்து மணி நேரத்தில் அவ்வளவு பொட்டலங்களையும் அனுப்பிவிடும். பிறகு பழைய எண்களே மீண்டும் வரும். மறைமொழியில் ஒன்று மீண்டும் வருவது, திருடன் கையில் சாவியின் அச்சைப் பதித்துக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

2001-ஆம் ஆண்டில் ஸ்காட் புளூரர், இட்சிக் மாண்டின், அடி ஷமீர் என்னும் மூவர் அந்தப் பூட்டின் உள்ளுறுப்பில் இருந்த பெருங்குறையைக் கணிதத்தால் நிறுவினார்கள். போகப் போக அதைத் திறப்பது எளிதாயிற்று. 2007-இல் ஜெர்மானிய ஆராய்ச்சியாளர்கள் ஒரு நிமிடத்துக்குள்ளேயே திறக்கலாம் என்று காட்டினார்கள். அதே ஆண்டு சனவரியில் அமெரிக்காவில் டி.ஜே.எக்ஸ். என்னும் பெரு வணிக நிறுவனம் ஒரு செய்தியை வெளியிட்டது. அதன் கடை ஒன்றின் வைஃபை இந்தப் பழைய பூட்டையே நம்பியிருந்தது. அதன் வழியே புகுந்த கள்வர், 4 கோடியே 57 இலட்சம் அட்டைகளின் விவரங்களைக் கவர்ந்திருந்தனர். பூட்டின் குறை ஊரறிந்து ஆண்டுகள் பல ஆன பிறகும் கடைக்காரர் அதை முற்றிலும் மாற்றாததே அதற்குக் காரணம்.

நம் நாடும் பாடம் கற்றது. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடித்தன. அதற்குச் சில நிமிடங்களுக்கு முன் மிரட்டல் மின்னஞ்சல் ஒன்று செய்தி நிறுவனங்களுக்கு வந்தது. அது நவி மும்பையில் ஒருவர் வீட்டு வைஃபை வழியே சென்றிருந்தது. வீட்டுக்காரர் அதை அறியார். அவர் வைஃபைக்குப் பூட்டில்லை. அவ்வளவே அவர் குற்றம். ஆயினும் அவர் விசாரணைக்கு ஆளானார். செப்டம்பரில் தில்லிக் குண்டுவெடிப்பின்போதும் மும்பையில் பிறர் ஒருவரின் வைஃபை இவ்வாறே பயன்பட்டது. 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை, வைஃபை இணைப்புகளைப் பாதுகாக்குமாறு இணையச் சேவை நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. பூட்டாத வைஃபையால் கெடுவது சொந்தக்காரர் மட்டும் அல்லர் என்பதை நாடு அன்று உணர்ந்தது.

இதற்கிடையே அறிஞர்கள் வாளாவிருக்கவில்லை. 2003-இல் டபிள்யூ.பி.ஏ. என்னும் இடைக்காலப் பூட்டு வந்தது. பழைய கருவிகளைத் தூக்கியெறிய வேண்டாம், உள்ளிருக்கும் மென்பொருளை மாற்றினால் போதும் என்னும் கருணையோடு அதை அமைத்திருந்தார்கள். 2004-இல் டபிள்யூ.பி.ஏ.2 வந்தது. இதன் மறைமொழி மிக வலிமையானது. இன்றும் நேர்வழியில் அதனை உடைத்தவர் இல்லை. நம் வீட்டுக் கேமராக்களில் பெரும்பாலானவை அறிந்த பூட்டு இதுவே.

அவ்வாறாயின் அதில் குறை என்ன? குறை இரண்டு. மாணவர்கள் இவற்றைக் கருத்தோடு கேட்க வேண்டும்.

ஒன்று: கருவியும் ரௌட்டரும் முதலில் இணையும்போது நான்கு செய்திகளைப் பரிமாறிக்கொள்கின்றன. தெருவில் நிற்கும் ஒருவன் அவற்றைப் பதிவு செய்துகொண்டு தன் வீட்டுக்குப் போய்விடலாம். அங்கே சாவகாசமாக அமர்ந்து, இந்தக் கடவுச்சொல்லா, அந்தக் கடவுச்சொல்லா என்று கோடிக்கணக்கில் கணினியைக் கொண்டு பொருத்திப் பார்க்கலாம். நீளமான, எவரும் ஊகிக்க இயலாத கடவுச்சொல் வைத்தவர்கள் தப்பினார்கள். பிள்ளையின் பெயரையும் பிறந்த ஆண்டையும் சேர்த்து வைத்தவர்கள் அகப்பட்டார்கள்.

மற்றொன்று காவல் கேமராவுக்கே உரிய ஆபத்து. 'இணைப்பை விட்டு நீங்குக' என்று ரௌட்டர் கருவிக்குச் சொல்லும் ஒரு கட்டளை உண்டு. பழைய முறையில் அக்கட்டளைக்கு முத்திரை கிடையாது. யார் சொன்னார் என்று கேமரா கேட்பதில்லை. ரௌட்டரின் பெயரால் வந்தால் போதும், உடனே கீழ்ப்படிந்துவிடும். பொய்க் கட்டளைகளை விடாமல் அனுப்பும் கள்வன் ஒருவன், கதவருகே வருமுன்பே காவற்காரனின் வாயைக் கட்டிவிடலாம். இக்கட்டளைகளுக்கு முத்திரையிடும் முறை 2009-இலேயே வகுக்கப்பட்டது. ஆனால் அது விரும்பியவர் ஏற்கலாம் என்ற அளவில் நின்றுவிட்டது.

2017 அக்டோபரில் பெல்ஜியம் நாட்டின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேத்தி வான்ஹூஃப், பிராங்க் பீசன்ஸ் என்பவர்கள் டபிள்யூ.பி.ஏ.2-இன் இணைப்பு முறையில் வேறொரு பிழையைக் கண்டு வெளியிட்டார்கள். கணினிகளும் கைப்பேசிகளும் மென்பொருள் திருத்தம் பெற்றன. விற்றவர் மறந்துவிட்ட சிறு கருவிகள் பலவற்றுக்குத் திருத்தம் வரவேயில்லை. அடுத்த ஆண்டு, 2018 ஜூனில், டபிள்யூ.பி.ஏ.3 அறிமுகமாயிற்று. இதில் கேட்டதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பொருத்திப் பார்க்க இயலாது. ஒவ்வோர் ஊகத்தையும் வாசலிலேயே நின்று சொல்லிப் பார்க்க வேண்டும். நீங்குக என்னும் கட்டளைக்கு முத்திரையும் கட்டாயமாயிற்று. இந்தப் பூட்டிலும் சில பிழைகளை 2019-இல் வான்ஹூஃபும் எயால் ரோனனும் கண்டு சொன்னார்கள், அவை திருத்தப்பட்டன. 2020 ஜூலை முதல், வைஃபை கூட்டமைப்பின் சான்று பெற விரும்பும் புதிய கருவிகள் எல்லாம் இப்பூட்டை அறிந்திருக்க வேண்டும் என்று விதி வந்தது.

பின்னும் வந்த கேமராக்கள் பல ஏன் இதனை அறியவில்லை? சான்று பெறுவது நிறுவனத்தின் விருப்பம். சான்றில்லாமலும் பொருளை விற்கலாம். விலை மலிவாக வேண்டுமென்று, பல ஆண்டுகளுக்கு முன் வடிவமைத்த சில்லையே திரும்பத் திரும்பப் பொருத்துகிறார்கள். புதிய பூட்டுக்குக் கூடுதல் கணக்கு வேலையும் நினைவிடமும் வேண்டும். மென்பொருளைத் திருத்தினால் அறிந்துகொள்ளக்கூடிய சில்லுகளும் உண்டு; ஆனால் விற்று முடிந்த பொருளுக்கு உழைப்பதில் வருவாய் இல்லை. கைப்பேசியை நாம் சில ஆண்டுகளில் மாற்றுகிறோம். தூணில் மாட்டிய கேமராவை அது கண் மூடும்வரை மாற்றுவதில்லை. ஆகவே இளமை மாறாத வீட்டில் முதுமை எய்திய காவற்காரனாக அது நிற்கிறது.

கவனிப்பாரற்ற கேமராக்கள் ஒன்று கூடினால் என்ன நேரும் என்பதை 2016 உலகுக்குக் காட்டியது. மிராய் என்னும் தீய மென்பொருள், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கேமராக்களையும் பதிவுக் கருவிகளையும் தேடித் தேடிப் பிடித்தது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அந்தப் படை டைன் என்னும் நிறுவனத்தைத் தாக்கவே, அமெரிக்காவில் புகழ்பெற்ற இணையத்தளங்கள் பல மணிக்கணக்கில் முடங்கின. அங்கே பூட்டு வேறு. ஆனால் நோய் ஒன்றே. வாங்கியவர் மறந்தார்; விற்றவரும் மறந்தார்.

அரசுகள் இப்போது விழித்திருக்கின்றன. 2024 ஏப்ரல் 29 முதல் பிரிட்டனில் இத்தகைய கருவிகளை விற்போர், எவ்வளவு காலம் பாதுகாப்புத் திருத்தம் தருவோம் என்பதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். நம் நாட்டிலும் மின்னணுவியல் மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2024 ஏப்ரலில் கண்காணிப்புக் கேமராக்களுக்குப் பாதுகாப்பு விதிகளை வகுத்து, 2025 ஏப்ரல் 9 முதல் அவற்றை நடைமுறைப்படுத்தியது. நல்ல தொடக்கம். எனினும், ஏற்கெனவே நம் தூண்களில் தொங்கும் கேமராக்களைச் சட்டம் வந்து கழற்றிவிடாது. அது நம் பொறுப்பு.

என் வீட்டுக் கதையை முடித்துவிடுகிறேன். ரௌட்டரைத் தாழ்த்த வந்த இளைஞரை நிறுத்தி, "வேறு வழியில்லையா, தம்பி?" என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "உண்டு, அண்ணாச்சி, கொஞ்சம் நேரம் பிடிக்கும்" என்றார். விருந்தினருக்கென்று ரௌட்டரில் தனியாக ஒரு வைஃபை உண்டு. அதனைப் பழைய பூட்டில் அமைத்து, இருபது எழுத்துக்கு மேற்பட்ட கடவுச்சொல் வைத்து, கேமராவை மட்டும் அதில் சேர்த்தார். என் கணினியும் கைப்பேசியும் புதிய பூட்டின்கீழ் தனியே இருக்கின்றன. திண்ணைவரை வந்தவர் அடுக்களைக்குள் நுழைய முடியாது என்பது போன்ற ஏற்பாடு இது. பொய்க் கட்டளையால் இணைப்பு அறுந்தாலும் படம் நிற்காதிருக்க, கேமராவுக்குள்ளேயே ஒரு நினைவட்டையும் பொருத்தினார். அரைமணி நேரம் ஆயிற்று. அடுத்த கேமரா வாங்கும்போது விலையைக் கேட்குமுன், எந்தப் பூட்டை அறியும், எத்தனை ஆண்டு திருத்தம் வரும் என்று கேட்பதாக முடிவு செய்துகொண்டேன்.

அன்று மாலை தென்காசி சென்று காசிவிசுவநாதர் ஆலயத்தின் முன் நின்றேன். 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எடுப்பித்த கோயில் அது. அம்மன்னன் அங்கே கல்லில் வெட்டுவித்த பாடல்களில் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. காலத்தால் இக்கோயிலுக்குக் குறை நேரும்போது, முன்வந்து அதனைச் செப்பனிடுகிறவர்கள் யாராயினும் அவர்களை இப்போதே வணங்குகிறேன் என்பது அதன் கருத்து. முடிசூடிய மன்னன், இன்னும் பிறக்காத எவருக்கோ தலை வணங்குகிறான். தான் கட்டியது என்றும் அழியாது என்று அவன் இறுமாந்திருக்கவில்லை. பழுதுறும் என்பதை அறிந்தே கட்டினான். அவன் அஞ்சியது போலவே நடந்தது. கோபுரம் சிதைந்து நெடுங்காலம் மொட்டையாக நின்றது. 1990-இல் ஒன்பது நிலைகளோடு மீண்டும் எழுந்தது. அதன் குடமுழுக்கைக் கண்டவர் பலர் இன்றும் அவ்வூரில் இருக்கிறார்கள்.

மாணவர்களே, உங்களில் பலர் நாளை மென்பொருள் எழுதப் போகிறவர்கள். தென்காசியை அடுத்த மத்தளம்பாறையிலேயே 2011 முதல் மென்பொருள் நிறுவனம் ஒன்று இயங்கி வருகிறது. அத்தொழில் இன்று நம் வயல்வெளிக்கே வந்துவிட்டது. ஒரு கருவியை ஆக்கி விற்பதோடு ஆக்கியவர் கடமை முடிந்துவிடுவதில்லை. அதனைப் பிற்காலத்தில் செப்பனிட வருகிறவருக்கு வழி வைத்துக் கட்டுவதும் அக்கடமையின் பகுதியே. பூட்டுகள் பழையனவாகும், அதில் வெட்கமில்லை. பழையதாயிற்று என்று அறிந்தும் மாற்ற வழி வைக்காமல் விற்பதும், அறிந்தும் மாற்றாமல் இருப்பதுமே வெட்கத்துக்குரியவை. இன்று வீட்டுக்குப் போனதும், உங்கள் ரௌட்டரில் எந்தப் பூட்டு தொங்குகிறது என்று ஒரு முறை பாருங்கள். அடுத்த வீட்டில் முதியவர் யாரேனும் இருந்தால், அவருக்கும் பார்த்துச் சொல்லுங்கள்.